ஆவடியிலிருந்து ஆதிமனிதனின் ஆயுதப் பட்டறைக்கு!

அம்பத்தூர், ஆவடிவாசிகள் காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். மின்சார ரயிலில் திருவள்ளூர். அங்கிருந்து பேருந்தில் பூண்டி. ஏரியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது.

அங்குள்ள கற்கோடரிகள் அத்திரம்பாக்கம் உள்ளிட்ட சுற்றுவட்டார ஊர்களில் கிடைத்தவை. கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் இருவரும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் மிகப் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்றது 2011-ல் வெளியான ஆய்வு. வில்லும் அம்பும் வருவதற்கு வெகு காலம் முன்பு! ‘அத்திரம்’ என்றால் தமிழில் ஆயுதம் என்பது சுவையான பொருத்தம்.

ஆயுதத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் கில்லாடிகள். கண்ட கல்லையும் எடுக்கவில்லை. உடைத்தால் கூரான விளிம்பு தரும், எளிதில் மழுங்காத குவார்ட்சைட் கல்லைத் தேடி எடுத்து, கைக்கு அடங்கும்படி இரு பக்கமும் செதுக்கினார்கள். விலங்கின் தோலை உரிக்க, இறைச்சி அறுக்க, கிழங்கு தோண்ட எல்லாவற்றுக்கும் அதுவே கைகொடுத்திருக்கும்.

அத்திரம்பாக்கம் போனால் காலடியிலேயே ஒரு கருவி தட்டுப்படலாம். ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். கிடந்த இடத்தில் இருந்தால்தான் அது வரலாறு. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் வெறும் கல்தான்.