எட்டு மணிச் செபம்

தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்த நாள்களில், இறுதியாக வரும் சோம்பலை நாங்கள் பெரிதாக எண்ணியதில்லை. அது விடிந்தும் பாயை விட்டு எழாதவனின் குறை. ஓடியாடி உழைக்கும் எங்களுக்கு அதனோடு என்ன உறவு?

அம்மா இருந்தவரை எங்கள் இல்லத்தில் இரவு எட்டு மணிச் செபமாலை தவறியதில்லை. அவர் மறைந்த பின், அதைத் தடுத்தவையெல்லாம் நல்ல காரணங்களே. அன்பியக் கூட்டம், திருவிழா ஏற்பாடு, நோயுற்றோரைச் சந்தித்தல். முதலில் ஒரு நாள் விட்டோம். பிறகு ஞாயிறு மட்டும் என்றாயிற்று. ஒரு தவக்காலத்தில் அதுவும் நின்றது. திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழ், அம்மாவின் செபமாலை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தோடு சொல்கிறோம்: விட்டதில் எங்களுக்கு ஒருவகை நிம்மதியும் இருந்தது.

நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைநிலத்தில் வாழ்ந்த எவாக்ரியு என்னும் துறவி இந்நோயை நன்கு அறிந்தவர். நண்பகல் பேய் என்று இதனை அழைத்தார். இதன் பிடியில் சிக்கிய துறவிக்குப் பகல்பொழுது ஐம்பது மணி நேரம் நீள்வதாகத் தோன்றுமாம். அடிக்கடி வெளியே வந்து கதிரவனைப் பார்ப்பார். எவரேனும் வருகிறார்களா என்று நோக்குவார். இருக்கும் இடமே கசந்துபோகும். பின்வந்த யோவான் கசியான் இன்னும் நுட்பமாக, நோயாளிகளைக் காணப் புறப்படவேண்டும் என்னும் பக்தியான எண்ணமும் அவ்வேளையில்தான் எழும் என்கிறார். இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது, சுருக்கென்றும் தைத்தது. நற்செயல் புரிந்துகொண்டே இறைவன்முன் அமராமல் காலம் கடத்தலாம் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி.

அவிலா நகர்ப் புனித தெரேசம்மாளும் (1515-1582), செபநேரம் எப்போது முடியும் என்று கடிகார ஓசைக்குச் செவிசாய்த்திருந்ததாக எழுதியுள்ளார். ஆயினும் தம்மை வலிந்து செபக்கூடத்துக்கு இட்டுச்சென்றார்.

மீண்டும் தொடங்கினோம். ஐம்பத்துமூன்று மணிக்குத் துணிவில்லை. ஒரு பத்து மணி போதும் என்றோம். உருக்கம் ஏதும் வரவில்லை. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், நாங்களும்தான். கடிகாரத்தை எத்தனை முறை பார்த்தோம் என்பதை ஆண்டவர் அறிவார். இரண்டு மாதம் அப்படியே கழிந்தது.

ஓர் இரவு அன்பியத்து அண்ணன் அவசரமாக வந்து வாசலில் நின்று அழைத்தார். எழப்போன எங்களுக்கு முன்பாக இளையவள் குரல் கொடுத்தாள்: "உட்காருங்க பெரியப்பா, இன்னும் நாலு அருள் நிறைந்த மந்திரம்தான் இருக்கு."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பின்னால் முழந்தாளிட்டார்.