காப்பி

ஹோட்டலிலும் அண்டை வீட்டிலும் தன் உணவில் எதையோ கலக்கிறார்கள் என்பது தம்பியின் பிரமை. அம்மா போடும் காப்பியை மட்டும் நம்பினான். அதில்தான் நான்கு மாதம் ஹாலோபெரிடால் சொட்டுகளைக் கலந்தோம். நிறமோ மணமோ ருசியோ அற்ற திரவம். தூங்கினான். கருணை என்றே நினைத்தேன்.

பிறகு ஆஸ்பத்திரி. நால்வர் அவனைப் பிடித்துக்கொள்ள, நர்ஸ் சொன்னாள்: “வேண்டாங்கறீங்க, கேக்குது. இருந்தும் ஊசி போடப்போறேன்.” பலாத்காரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவனுடைய மறுப்பு அங்கே மறுப்பாகவேனும் ஒருவர் காதில் விழுந்தது; திட்டுவதற்கு எதிரே ஒரு முகம் இருந்தது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அவசரச் சிகிச்சைக்கு 72 மணி நேர எல்லை வகுக்கிறது. வீட்டு டம்ளர் அதன் கண்ணில் படவில்லை.

விஷயம் தெரிந்தபின்னும் அவன் எங்களைத் திட்டவில்லை. டம்ளரை நீட்டினால், “முதல்லே நீ குடி” என்கிறான். இப்போது அதில் ஒன்றும் கலப்பதில்லை. குடிக்கிறேன்.