கூண்டேறிய நீதிபதி

விஜய் டெண்டுல்கரின் ‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’ 1967-இல் மராத்தியில் மேடையேறியது. அதன் முடிவோடு எனக்கு நெடுநாளாகவே பிணக்கு. பொழுதுபோக்குக்காகப் போலி வழக்கு நடத்தும் குழுவொன்று, பேணாரே என்ற ஆசிரியையைக் கூண்டில் நிறுத்தி அவளுடைய அந்தரங்கத்தையே விசாரிக்கிறது. வயிற்றிலிருக்கும் கருவை அழிக்க வேண்டுமென்று தீர்ப்பளிக்கிறது. (அன்றைய தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவின்படி கருவை அழிப்பதே குற்றம், 1971-இல்தான் விலக்குச் சட்டம் வந்தது.) அவள் அசைவற்றுக் கிடக்க நாடகம் முடிகிறது. செத்தாளா, பிழைத்தாளா? உத்தரவு எழுதாமல் கோப்பை மூடிவிட்டார் ஆசிரியர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதை மாற்றியது திருப்பூரில் நான் நடத்திய ஒரு வழக்கு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த பெண், பீஸ்களை வெளியே கடத்தியதாக நீக்கப்பட்டாள். உள்விசாரணை நடத்திய மேனேஜர் பாதியில் எழுந்து, “நானே பார்த்தேன்” என்று சாட்சி சொல்லிவிட்டு, மறுபடி விசாரணை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாடகத்தில் நீதிபதி காஷிகரும் இதையேதான் செய்கிறார். சாட்சி சொன்னவரே தீர்ப்பும் சொல்லக்கூடாதென்று, உத்தரப்பிரதேச ஏட்டு முகமது நூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957-லேயே சொல்லியிருக்கிறது. எங்கள் வழக்கின் உள்விசாரணைப் பதிவில், கடைசித் தாளில் “வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா?” “இல்லை” என்று டைப் அடித்து, கீழே அவள் கையெழுத்து.

“கேட்டாங்க சார். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, இல்லைன்னு போட்டுக்கன்னு அவரே சொல்லிட்டாரு.”

விசாரணை செல்லாது என்ற உத்தரவு எளிதாகவே கிடைத்தது. ஆனால், உள்விசாரணை விழுந்தாலும் குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே புதிதாக நிரூபிக்க நிர்வாகத்துக்கு வாய்ப்பு உண்டு. நியாயமான விதிதான், ஆனால் வேலை போய் ஊர் திரும்பி, தேனிப் பக்கத்திலிருந்து வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறுகிறவளை அது கரைத்துவிடும். கடைசியில் ஒரு தொகைக்குச் சமரசம் ஆனது: எந்தத் தரப்பும் எதையும் ஒப்புக்கொள்ளாமல். எடுத்தாளா, இல்லையா என்று எந்த ஆவணமும் சொல்லாது.

அதன்பின் நாடகத்தை மறுபடி படித்தேன். பேணாரேயை ஆசிரியர் சாகடித்திருந்தால், அந்தப் போலிக் கோர்ட்டின் தீர்ப்பு நிறைவேறியதாகிவிடும். எழுந்து நடக்க வைத்திருந்தால், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கோர்ட்டார் தப்பித்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. என் கட்சிக்காரியோ சமரசத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பேனாவை வாங்கினாள்.

“நான் எடுக்கலைன்னு இதுல எங்கயும் போடலையே சார்?”