பூங்குழலி இல்லாத கரை
காவிரிக் கடலோரம் – 6

சென்ற வாரம் வேளாங்கண்ணி லாட்ஜில் வெந்நீருக்காக நடந்த தகராறில் நிறுத்தியிருந்தேன். அதன் முடிவைக் கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். வெந்நீர் வரவில்லை. அவ்வளவுதான். அங்கிருந்து வேதாரண்யம் வரை பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டதால் வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

திருவாரூருக்குத் தேரழகு என்றால் வேதாரண்யத்துக்கு விளக்கழகு என்பார்கள். நாங்கள் போன வேளையில் நடை சாத்தியிருந்தது. அப்பரும் சம்பந்தரும் பாடிக் கதவைத் திறக்கவும் மூடவும் செய்த ஊர். நாங்கள் பாடினால் திறக்காது என்று என் மனைவி சொன்னாள். வெளியே வந்தோம். ஆட்டோக்காரர் ஒருவர் எங்கள் கையிலிருந்த பையையும் முகத்தையும் பார்த்தே நாங்கள் போகும் ஊர் கோடியக்கரை என்று கண்டுபிடித்துவிட்டார்.

"பொன்னியின் செல்வன் ஸ்பாட் எல்லாம் காட்டிடுறேன் சார். போக வர எண்ணூறு."

எழுநூறுக்குப் படிந்தது.

அகஸ்தியம்பள்ளியில் சாலையின் இருபுறமும் உப்பளம். வெயிலில் கண் கூசும் வெள்ளைக் குவியல்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியின் அணி நடந்தே வந்து, 30ஆம் தேதி இங்கேதான் உப்பை அள்ளியது. நினைவுத் தூண் இருக்கிறது. பல வருஷம் ரயிலே இல்லாதிருந்து, 2023இல் மறுபடி திருத்துறைப்பூண்டியிலிருந்து வண்டி விட்டார்கள். அதுவும் அகஸ்தியம்பள்ளியோடு சரி. முன்பு கோடியக்கரை வரைக்கும் ரயில் போனதை ஆட்டோக்காரர் தன் சொத்து பறிபோன மாதிரி சொன்னார்.

அப்புறம் காடு. 1967இல் சரணாலயமாக அறிவித்த காடு. 2018 நவம்பரில் கஜா புயல் நேராக இந்தப் பக்கம்தான் கரையேறியது. அப்போது சாய்ந்த மரங்களைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். வெளிமான் பார்த்தோம். கலைமான் முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, முறுக்குக் கொம்போடு நூறடி தூரத்தில் நின்றது. ஆட்டோ இருமியதும் ஒரே தாவல். பூநாரை பார்த்தேன் என்று எழுத மனசாட்சி இடம் தரவில்லை. தண்ணீருக்கு அப்பால் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு பார்த்தேன். பைனாகுலர் உள்ளவர்கள் தை மாசத்துக்குள் போவது நல்லது.

குழகர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஆளில்லாத கடற்கரைக் காட்டில் இப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிறாயே என்று சுந்தரர் ஆதங்கப்பட்டுப் பாடிய சாமி. இன்றைக்கும் சாமிக்குத் துணை என்று பெரிதாக யாரும் வந்துவிடவில்லை. நாங்கள் இருவர், ஒரு நாய்.

பிறகுதான் வேடிக்கை. ஒரு சேற்றுத் திட்டைக் காட்டி, "இதுதான் சார் வந்தியத்தேவனைப் பூங்குழலி அமுக்கப் பார்த்த புதைசேறு" என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு செங்கல் குவியல். "இது சோழர் கலங்கரை விளக்கம்." சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட விளக்கத்தின் மிச்சம் 2004 சுனாமியில் விழுந்தது எனக்கும் தெரியும். ஆனால் இவர் காட்டிய கல்லில் சிமெண்ட் ஒட்டியிருந்தது. கேட்டேன். "சோழன் எல்லாம் தெரிஞ்சவன் சார்" என்றார். கல்கி 1950இல் எழுதத் தொடங்கிய கதையில் வரும் பெண்ணுக்கு இந்த ஊர் ஒரு சேற்றையே பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறது!

கடற்கரையில் இறங்கியதும் ஆயிரம் கேட்டார். காட்டுக்குள் வந்ததற்குத் தனி, காத்திருந்ததற்குத் தனி. என் மனைவி எழுநூறை அவர் சீட்டில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார். மத்தியான வெயில், பசி, பஸ் எப்போது என்று தெரியாது.

கரையில் வாடிகள் வரிசையாக இருந்தன. ஐப்பசி வாக்கில் பல ஊர் மீனவர்கள் குடும்பத்தோடு இங்கே வந்து கீற்றுக்கொட்டகை போட்டு, பங்குனிவரை தொழில் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஒரு வாடியில் ஐம்பது வயசுப் பெண் ஒருத்தி மீனின் வயிற்றைக் கிழித்துக் குடலை வழித்து, உள்ளே கல்லுப்பைத் திணித்துக்கொண்டிருந்தாள். உப்பு எங்கே வாங்கினது என்று கேட்டேன். "எல்லாம் அகஸ்தியம்பள்ளி உப்புதான், வேற எங்க போறது?" என்றவள் என் மனைவியை நிமிர்ந்து பார்த்தாள். "யக்கா, முகம் வாடிப்போயிருக்கு. ரெண்டு வாய் சாப்புட்டுட்டு போங்க."

அலுமினியத் தட்டு, கொட்டைச் சோறு, திருக்கைக் குழம்பு. தேங்காய் கிடையாது. பூண்டும் மிளகும் புளியும்தான். காலையில் வைத்து ஆறிப்போயிருந்ததால் குழம்பு மீனுக்குள் இறங்கியிருந்தது. திருக்கையின் குருத்தெலும்பை மென்றே விழுங்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கும்பகோணத்தில் முந்நூறு ரூபாய் கொடுத்து நான் சாப்பிட்ட மீன் சாப்பாட்டை இனி சாப்பாடு என்று சொல்ல மாட்டேன். தட்டை மண் போட்டுத் தேய்த்து, குடத்திலிருந்து ஒரே ஒரு செம்பு தண்ணீரில் அலம்பினாள். எங்கள் லாட்ஜ் டம்ளரைவிடப் பளிச்சென்று இருந்தது.

அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கம் இலங்கை எவ்வளவு தூரம்?" என்றேன். கையை நீட்டினார். "ராத்திரி உள்ள போனா காங்கேசன்துறை லைட்டு தெரியும். எங்க அப்பா காலத்துல அங்கேருந்து போட்டுல வந்து எம்ஜியார் படம் பாத்துட்டுப் போவாங்களாம்."

நேர்கோட்டில் பார்த்தால் இங்கிருந்து திருவாரூரும் காங்கேசன்துறையும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், ஐம்பத்தைந்து அறுபது கிலோமீட்டர். 1974 ஒப்பந்தத்தில் பாக் நீரிணையில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டைத் தாண்டினால் படகும் போகும், ஆளும் போவான். என் தங்கை மகன் ஜெர்மனியில் சார்ப்ரூக்கனில் இருக்கிறான். அங்கே ட்ராமில் ஏறினால் பிரான்சில் சார்கமின் என்ற ஊரில் இறங்கலாம். பாஸ்போர்ட்டைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, ரொட்டி வாங்கப் போய் வருவதாக எழுதுகிறான். அந்த இரண்டு நாடும் ஒன்றையொன்று எத்தனை தடவை கொளுத்திக்கொண்டவை! நமக்கு 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு பயணிகள் கப்பல் வந்ததே பெரிய செய்தி.

அவர் வலையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தது மீன் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். பச்சைச் சேலை ஒன்று. கண்ணிக் கண்ணியாகச் சுற்றி, பாதி கிழிந்து, அடியில் ஒரு வேட்டியும் சேர்ந்து வந்தது. தை அமாவாசைக்கு முங்கியவர்கள் கடலில் விட்டுப்போன துணி. அமாவாசை முடிந்து பத்து நாளாகியும் வந்துகொண்டே இருக்கிறதாம். அரிவாள்மனையால் அறுத்தார், துணியோடு இரண்டு முழம் வலையும் போனது. அதைக் கோர்க்க ஒரு நாள் ஆகும் என்றார். ஒரு நாள் என்றால் கடலுக்குப் போகாத நாள்.

சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள். இருநூறு ரூபாய்க்குக் கருவாடு வாங்கினோம். பஸ்ஸில் எங்களைச் சுற்றி மூன்று சீட் காலியாகவே வந்தது.

அடுத்து முத்துப்பேட்டை என்று அறிவித்திருந்தேன். போகவில்லை, இத்தொடர் இங்கே முடிகிறது. ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரை போகிறவர்களுக்கு ஒன்று: முங்கின துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்கே எடுத்து வாருங்கள்.