சியால்தாவிலிருந்து கேனிங் வரை

கொல்கத்தாவின் சியால்தா தெற்குப் பிரிவிலிருந்து கேனிங் வரை செல்லும் புறநகர் ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். சென்னைக் கடற்கரை - செங்கல்பட்டுப் பாதையைவிடக் குறைவு. இந்தத் தூரத்துக்குள் மாநகரம், அகதிக் காலனிகள், கழிவுநீரில் மீன் வளர்க்கும் குளங்கள், காய்கறித் தோட்டம், நெல்வயல், உவர்நிலம் எல்லாம் வந்துபோகின்றன. கடைசியில் சுந்தரவனத்தின் வாசலில் தண்டவாளம் முடிகிறது.

புவியியல் பாடத்தின் கணக்கில் இவை வேறு வேறு நிலப்பயன்பாடுகள். இயற்கையின் கணக்கிலோ இரு முனைகளும் ஒரே சூழல்தொகுதியைச் சேர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டில் சியால்தாவில் குளம் வெட்டியபோது நிலத்தடியில் சுந்தரி மரங்களின் அடிக்கட்டைகள் கிடைத்தன. பிச்சாவரத்தில் இன்று நிற்பதுபோன்ற அலையாத்திக் காடு ஒருகாலத்தில் ரயில் நிலையம் இருக்கும் இடம் வரை பரவியிருந்தது.

பாதை போடப்பட்டது நகரத்துக்கு ஆள் கொண்டுவருவதற்காக அல்ல, ஒரு துறைமுகத்துக்காக. ஹூக்ளி ஆறு மணல் மேடிட்டுக் கப்பல் வர முடியாமல் போய்விடும் என்ற அச்சத்தில், தென்கிழக்கே மாத்லா ஆற்றின் கரையில் மாற்றுத் துறைமுகம் ஒன்றை ஆங்கிலேயர் திட்டமிட்டனர். ரயில் 1862இல் சம்பாஹாட்டி வரையும் மறு ஆண்டு கேனிங் வரையும் ஓடத் தொடங்கியது. துறைமுகத்துக்கு நேர்ந்த கதி பாதையின் மறுமுனையில் வரும்.

சியால்தாவுக்கும் பாலிகஞ்சுக்கும் இடைப்பட்ட பகுதி நெருக்கமான நகரம். குறிப்பிடத்தக்க மாற்றம் டாக்குரியாவில் தொடங்குகிறது.

டாக்குரியா நிலையத்தைத் தமிழ் வாசகர்களில் சிலர் அமிதவ் கோஷின் ‘தி ஹங்ரி டைட்’ நாவல் வழியாக அறிந்திருக்கலாம். 2004இல் வெளிவந்த அந்த நாவலின் கதை இந்த நடைமேடையில்தான் தொடங்குகிறது. நிலையத்துக்கு மேற்கே, பஜ்பஜ் கிளைப் பாதையை ஒட்டி, ஊர்க்காரர்கள் டாக்குரியா லேக் என்றும் அரசு 1958 முதல் ரவீந்திர சரோபர் என்றும் அழைக்கும் ஏரி இருக்கிறது. அது இயற்கையான ஏரி இல்லை. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் 192 ஏக்கர் சதுப்பையும் புதரையும் கையகப்படுத்தியது. சுற்றிலும் வீட்டு மனைகள் போடுவதற்குத் தாழ்ந்த நிலத்தை உயர்த்த மண் வேண்டியிருந்தது. மண் எடுத்த பள்ளமே ஏரியாயிற்று. நீர்ப்பரப்பு மட்டும் 73 ஏக்கர். அதன் நடுவிலுள்ள ஒரு தீவில் ஏரியைவிடப் பழைய மசூதி ஒன்று உண்டு. மசூதியை விட்டுச் சுற்றிலும் தோண்டி, பிறகு அங்கே போவதற்கு ஒரு தொங்குபாலமும் கட்டினார்கள்.

வங்காளக் கிராமத்தான் காலங்காலமாகச் செய்துவந்ததைத்தான் டிரஸ்ட் பெரிய அளவில் செய்தது. வெள்ளம் வரும் தாழ்நிலத்தில் வீடு கட்டுபவன் முதலில் குளம் வெட்டுவான். வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி அதன்மேல் குடிசை போடுவான். குளத்தில் மீன் விடுவான், குளிப்பான், பாத்திரம் கழுவுவான். தென்வங்காளத்தில் இத்தனை குளங்கள் இருப்பதன் காரணம் இதுதான். டாக்குரியா, ஜாதவ்பூர், கஸ்பா எல்லாம் இப்படி மேடும் குளமுமாக இருந்த கிராமங்கள். பின்னால் வந்த நகரம் இந்த முறையைத் தலைகீழாக்கியது. குளம் வெட்டி மனை கண்டதுபோய், குளத்தைத் தூர்த்து மனை காண்பது வழக்கமாயிற்று. 5 காட்டா, அதாவது 0.035 ஹெக்டேருக்குக் குறையாத எந்த நீர்நிலையையும் மூடக் கூடாது என்று மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் முதலில் கரையோரம் குப்பை விழும், பிறகு கட்டட இடிபாடு விழும், ஒரு மழைக்காலம் கழித்து அங்கே நான்கு மாடி எழும். அடுத்த மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் எல்லோரும் வடிகாலைத் திட்டுவார்கள்.

2019 நவம்பரில் நடந்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். பீகாரிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பங்கள் கார்த்திகை வளர்பிறை சஷ்டியில் சத் பூஜை செய்கிறார்கள். மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் இடுப்பளவு நீரில் நின்று அர்க்கியம் விடுவதற்கு நீர்நிலை வேண்டும். கரும்புக் கழிகள், வாழைத்தார், மூங்கில் முறத்தில் பழங்கள், டேகுவா பணியாரம் ஆகியவற்றைத் தலையில் சுமந்து பெண்கள் வெறுங்காலில் நடந்து வருவார்கள். கூடவே மேளமும் பட்டாசும் உண்டு. ரவீந்திர சரோபரில் இந்தப் பூஜை கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்திருந்தது. அந்த ஆண்டு கூட்டம் வாயிற்கதவுகளின் பூட்டை உடைத்து உள்ளே நுழைந்தது. சில நாட்களில் ஏரியில் செத்த மீன்களும் ஆமையும் மிதந்தன. பூஜைதான் காரணமா என்பதில் வாதம் எழுந்தது. 2020இல் உச்ச நீதிமன்றமும் தடையை நீக்க மறுத்தது. வாயில்கள் அடைக்கப்பட்டு, வேறு குளங்களில் தற்காலிகப் படித்துறைகள் அமைக்கப்பட்டன. தடை சரியானதே. ஆனாலும் பூட்டை உடைத்தவர்களை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மை. தெருவுக்கு ஒரு குளம் இருந்தவரை எந்த ஏரிக்கும் இவ்வளவு கூட்டம் வரத் தேவையிருக்கவில்லை.

 

விடியற்காலையில் டாக்குரியா நடைமேடையில் நின்றால் பாதையின் பொருளாதாரம் முழுவதும் கண்ணில் படும். வெண்டர் பெட்டியிலிருந்து கீரைக்கட்டு, பூசணி, மீன் கூடை, துணி மூட்டையில் கட்டிய சானா எல்லாம் இறங்குகின்றன. சானா என்பது ரசகுல்லாவுக்கும் சந்தேஷுக்கும் மூலமான திரிந்த பால். மூட்டையிலிருந்து புளித்த நீர் சொட்டிப் பெட்டியின் தரை எப்போதும் வழுக்கும். மற்ற பெட்டிகளிலிருந்து வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் இறங்கி ஜோத்பூர் பார்க், செலிம்பூர், கோல்பார்க் பக்கம் விரைகிறார்கள். நடுத்தர வர்க்கம் இந்த வண்டிக்கு ‘ஜி ஸ்பெஷல்’, அதாவது வேலைக்காரிகளின் வண்டி என்று ஏளனப் பெயர் வைத்திருக்கிறது. அது ஒரு நாள் ஓடாவிட்டால் அந்த வர்க்கத்தின் வீடுகளில் காலைச் சமையல் நின்றுபோகும்.

விரைவில் கெடும் காயும் பாலும் நகரை ஒட்டியும், தானியம் தள்ளியும் விளையும் என்று 1826இல் ஜெர்மானியர் ஃபொன் த்யூனன் வட்ட வளையங்களாக வரைந்து காட்டினார். ரயில் வந்ததும் வளையம் நீண்டு பட்டையாகிவிடுகிறது. இங்கே நகரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்பதே விளைபொருளைத் தீர்மானிக்கிறது.

ஜாதவ்பூரிலிருந்து கரியா வரை பிரிவினையின் நிலம். கிழக்கு வங்காள அகதிகள் 1948 முதல் கைவிடப்பட்ட ராணுவ முகாமிலும் ஜமீன் நிலத்திலும் தாங்களே புகுந்து காலனிகள் அமைத்தார்கள். பிஜய்கர் அவற்றில் முதன்மையானது. கரியாவில் ஆதி கங்கை. ஒருகாலத்தில் கங்கையே ஓடிய அந்தத் தடத்தில் இன்று மெட்ரோ ரயிலின் தூண்கள் ஊன்றி நிற்கின்றன. சாக்கடையாகிவிட்ட ஆற்றுக்கு யார் பரிந்து பேசுவது என்ற துணிச்சல்தான்.

பாதையின் கிழக்கே கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள். பித்யாதரி ஆறு தூர்ந்து உப்புநீர் வரத்து நின்றபின், மீனவர்கள் நகரின் கழிவுநீரை ஆழமில்லாத ‘பேரி’களில் தேக்கினார்கள். வெயிலில் பாசி வளர்கிறது. பாசி கழிவிலுள்ள சத்தை உறிஞ்சுகிறது, மீன் பாசியை உண்கிறது, எஞ்சிய நீர் நெல்வயலுக்குப் போகிறது. பொறியாளர் துருவஜோதி கோஷ் இதை உலகறியச் செய்தார். 2002இல் 12,500 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செலவழிக்க வேண்டிய பணத்தை மிச்சப்படுத்தி, நகரத்துக்கு மீனும் தருகிற இந்த நிலத்தின்மீதும் மனை வியாபாரிகள் கண் வைத்திருக்கிறார்கள்.

சோனார்பூரில் பாதை பிரிகிறது. தெற்குக் கிளையில் பாருய்பூர் கொய்யாவும் ஜெய்நகரின் மோவா இனிப்பும் உண்டு. கேனிங் கிளையில் சம்பாஹாட்டியின் பட்டாசு, குட்டியாரி ஷரீஃபில் இந்துக்களும் முஸ்லிம்களும் வேண்டிக்கொள்ளும் காஜி பீரின் தர்கா, பிறகு வயல்களே வயல்கள்.

கேனிங்கில் துறைமுகம் இல்லை. சைக்ளோன் என்ற சொல்லை உருவாக்கிய ஹென்றி பிடிங்டன், இந்த இடத்தில் கடல் பொங்கி ஊரை அழிக்கும் என்று 1853இலேயே கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. 1867இல் புயல் அவர் சொன்னபடியே செய்தது. அலையாத்தியை வெட்டிவிட்டுக் கட்டியதன் விலை அது. மிஞ்சியது ரயில் மட்டும். 2011இல் பாலம் திறக்கும்வரை மாத்லாவைக் கடப்பது தனிப் பாடு. நீர் வற்றும் வேளையில் பூட்பூட்டி என்னும் மோட்டார் படகு கரையை எட்டாது. செருப்பைக் கையில் பிடித்து, புடவையை முழங்காலுக்கு மேல் செருகி, மூட்டையோடும் குழந்தையோடும் சேற்றில் இறங்கி நடக்க வேண்டும். கால் ஒவ்வொரு அடியிலும் புதையும். கரையேறிக் கால் கழுவுவதற்குள் வண்டி புறப்பட்டுவிடும்.

இந்தியச் சுந்தரவனத்தின் 102 தீவுகளில் 54இல் மக்கள் வாழ்கிறார்கள். ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் மண்கரைதான் அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள அரண். 2009 மே 25இல் ஐலா புயல் அதை உடைத்து வயல்களில் உப்பை ஏற்றியது. ஆண்கள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கட்டட வேலைக்குப் போனார்கள். கேனிங் வண்டியில் பெண்களின் கூட்டம் பெருகியது. அதிக மகசூலுக்காகக் கைவிட்ட நோனா போக்ரா போன்ற உப்புத் தாங்கும் நெல்லைத் தேடி விவசாயிகள் அலைந்தார்கள். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் உழவர்கள் குழியடிச்சானைத் தேடியதும் இப்படித்தான். விதை வைத்திருந்தவர்கள் சிலரே. அவர்களிடமிருந்து படி படியாக வாங்கிப் பெருக்கிய பிறகே பல தீவுகளில் மறுபடி நாற்று நடவு நடந்தது.