பின் சீட்டிலிருந்து ஒரு மலைப்பாதை

மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கல்லாறு தாண்டியதும் காருக்குள் ஒரு கொண்டாட்டம் தொற்றிக்கொள்ளும். ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குவார்கள். பாக்குத் தோப்பின் குளிர்ச்சி உள்ளே வரும். பின் சீட்டுக் குட்டிகள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ண ஆரம்பிப்பார்கள். குன்னூர் வரை மொத்தம் 14.

தொடர் விடுமுறை நாள் என்றால் நாலைந்து வளைவுகளுக்குள் எண்ணிக்கை நின்றுபோகும். முன்னால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்த ஒருவர், ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்து வரிசையை முந்துகிறார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். மேலே இருந்து பஸ் ஒன்று இறங்குகிறது. வளைவில் திரும்ப அதற்குச் சாலை முழுவதும் வேண்டும். அங்கேதான் இந்த ஐந்து கார்களும் நிற்கின்றன. இனி ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

கார் கதவு திறக்கிறது. “வண்டி ஓட்டத் தெரியலைன்னா எதுக்குய்யா மலைக்கு வர்றே?”

“நீ பின்னால எடுய்யா, பெருசா பேச வந்துட்டே!”

அடுத்து வருவதை இங்கே எழுத முடியாது. ஆனால், பின் சீட்டில் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது சென்சார் இல்லாமல் கேட்கிறது. வீட்டில் ‘போடா’ என்று சொன்னதற்கே திட்டு வாங்கிய பிள்ளை அது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1961-ல் ஒரு சோதனை நடத்தினார். மழலைப் பள்ளி வயதுக் குழந்தைகள் 72 பேர். அவர்களில் ஒரு பகுதியினர், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்தி, சுத்தியலால் அடித்து, திட்டுவதைப் பார்த்தார்கள். பிறகு அதே மாதிரி பொம்மையுடன் விட்டபோது, அவர்களில் பலர் அதே அடியை அடித்தார்கள். அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தைகளைக்கூட அப்படியே சொன்னார்கள். அவர்கள் பார்த்தது வெறும் பத்து நிமிடக் காட்சி. ஊட்டிக்குப் போய்வரும் குழந்தை பார்ப்பது இரண்டு நாள் படம்!

18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் இது. பின் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டதற்கு எந்தப் பிரிவும் இல்லை.

மலைச் சாலைக்கென்று ஒரு விதி இருக்கிறது. இரண்டு வண்டிகள் தாராளமாக விலக இடமில்லாத இடத்தில், இறங்குகிற வண்டி ஓரமாக நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். காரணம் எளிது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம். பிரேக்கில் இருந்து காலை எடுக்கும் நொடியில் பின்னால் உருளும். அறுபது பேர் ஏறிய பஸ் என்றால் கேட்கவே வேண்டாம். சட்டப் புத்தகத்தைப் பார்க்காமலே நீலகிரி டிரைவர்கள் இதைச் செய்கிறார்கள். வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நிற்பார்கள். ஏறிவரும் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். இதையும் பின் சீட்டுக் குட்டிகள் பார்க்கிறார்கள்.

இந்தச் சாலை சுற்றுலாக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கோவை ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோகும் ஆம்புலன்ஸ் இப்படித்தான் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் கோத்தகிரி வழி. குன்னூரைத் தாண்டினால், ஸ்வெட்டர் போட்ட பள்ளிப் பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்து ஓரமாக ஒற்றை வரிசையில் நடந்து போவார்கள். கீழே இருந்து வந்தவர்கள் நடுரோட்டில் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்வதை அவர்களும்தான் பார்க்கிறார்கள்.

கூட்டத்தைக் குறைக்க, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடை சீஸனில் வார நாட்களில் 6,000, சனி, ஞாயிறுகளில் 8,000 வெளியூர் வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள். வண்டியை எண்ணிவிடலாம். உள்ளே இருக்கும் கோபத்துக்கு ஏது இ-பாஸ்?

ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையில் இருந்து வந்த கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் இறந்துவிட, இரண்டு பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதன்பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை போட்டார்கள். “மேப்பில் வழி காட்டுதே சார்” என்று போலீஸ்காரரிடம் மல்லுக்கு நிற்கும் அப்பாக்களுக்கு இந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மலையில் பிரேக்கும் மட்டுத்தான். கோபத்தில் வேகமாக இறக்கி, பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்குவதுதான் மலைக்காரர்கள் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்பும்போது பர்லியாரில் நிறுத்தலாம். சக்கரத்தில் இருந்து கருகல் வாடை வந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும். சீஸன் என்றால் மங்குஸ்தான் கிடைக்கும். தோலைப் பிதுக்கி, வெள்ளைச் சுளைகளை ஆளுக்கு இரண்டாகப் பிரித்துத் தின்று முடிக்கும்வரை வண்டி ஆறட்டும். அதற்குள் பின் சீட்டில், விட்ட இடத்தில் இருந்து எண்ணிக்கை மறுபடி தொடங்கியிருக்கும்.