பத்துக்கு இருபது

எங்கட குறும்பட விழாவுக்கு 10 அடிக்கு 20 அடியில ஒரு பதாகை வைக்க நினைத்தோம். சபையில் சதுர அடிக் கணக்கில் கட்டணம் என்றார்கள். சரி, கட்டினோம். ஆனால் இடம் ஏ தர வீதியோரம். வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கடிதம் வாங்கிக்கொண்டு வரட்டாம். காணிக்காரரின் சம்மதம், வரைபடம் என்று மூன்று தரம் அலைந்தோம். அதே சந்தியில் ரியூசன் பதாகைகளும் அரசியல்வாதிகளின் பிறந்தநாள் வாழ்த்துகளும் அனுமதி இலக்கம் ஒன்றும் இல்லாமல் தொங்கின. இரவில் நாங்களும் கட்டிவிடுவமா என்று யோசித்தது உண்மை. போய்ப் பார்த்தால், வளைவில் வருகிற பஸ்ஸையே அந்தப் பதாகைகள் மறைக்குது. நாங்கள் கேட்டதும் அதே வளைவுதான். பேசாமல் திரும்பினோம்.

அனுமதி வந்தது, விழா முடிந்து நாலாம் நாள். கட்டின காசு திரும்பாதாம். பதாகை இப்ப வாசிகசாலைக் கூரை ஒழுக்குக்கு மேல கிடக்குது.